சேவல் கூவாத கேசட்

ஈப்போவில் நான் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தில் கைப்பேசி விளையாட்டுகள் தயாரிக்கிறார்கள். அவர்கள் செய்ததை விளையாடிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்வது என் வேலை. ஒரு நாள் காலையில், முந்தின நாள் வெளியிட்ட விளையாட்டில் ஒரு பிழை இருப்பது தெரிந்தது. நிரல் எழுதும் ஷாமினி சில வரிகளை மாற்றி அனுப்பினாள். என் மேசையிலிருந்த தே ஓ, அதாவது பால் விடாத தேநீர், ஆறுவதற்குள் எல்லார் கைப்பேசியிலும் அது சரியாகிவிட்டது. அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

“தனம் அக்கா, கேசட்டுல கேம் வித்தோம்னு சொல்வீங்களே, அப்பல்லாம் அப்டேட் எப்படிக்கா போட்டீங்க?”

“பஸ்ல போய்ப் போட்டேன்,” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் வேடிக்கையாகப் பேசுகிறவள் அல்ல என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு சிரிப்பு. ஆனால் சொன்னது உண்மை. முழுவதையும் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்துப் பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு இன்றைக்கும் பேச்சு நின்றுவிடும். ஓய்வு பெற்ற பிறகு, எழுதியாவது கொடுங்கள் என்று ஷாமினி கேட்டுக்கொண்டே இருந்தாள். அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். என் அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள். கடைகளில் வேலை கிடைத்தது, ஆனால் கடை என்றால் வருகிறவர்களிடம் பேச வேண்டும். மேல்மாடியில், ஆள் வராத இடத்தில் ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதும், என்ன வேலை என்றுகூடக் கேட்காமல் போனேன்.

பழைய ஈப்போவில் ஒரு டயர் கடைக்கு மேலே அந்த அறை இருந்தது. படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கில் ஏறும். தோட்டத்தை விட்டு வந்தும் ரப்பர் என்னை விடவில்லை என்று அம்மா சிரிப்பார். அந்த நிறுவனத்தில் என்னையும் சேர்த்து மூன்றே பேர். முதலாளி திரு. கனகசபை யாழ்ப்பாணத் தமிழர். தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து, வயதாவதற்கு முன்பே விலகி வந்தவர். நிரல் எழுதியது சேகர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். செமோருக்கு அப்பால் இருந்த ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன். அவனுடைய அப்பா அங்கே கிராணியாக, அதாவது கணக்குப் பார்க்கும் அதிகாரியாக இருந்தவர்.

அந்தக் காலத்து வீட்டுக் கணினி என்பது தடித்த விசைப்பலகை மட்டும்தான். அதை வீட்டு டிவியில் மாட்ட வேண்டும். விளையாட்டு கேசட்டில் இருக்கும், பாட்டு இருக்கிற இடத்தில். கேசட் ரெக்கார்டரைக் கணினியோடு வயரால் இணைத்து ஓடவிட்டால், தகரத்தில் ஆணியால் கீறுவது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் விளையாட்டு. அது முழுவதும் கணினிக்குள் ஏறி முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். நடுவில் ஒரு சிறு தடங்கல் வந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கேசட்டுகளில் பதிவதும், பதிந்ததை ஏற்றிப் பார்ப்பதும் என் வேலை. பழகச் சில வாரங்கள் போதுமாக இருந்தது. பதிவதைவிட ஏற்றிப் பார்ப்பதில்தான் கனகசபை ஐயா கண்டிப்பாக இருந்தார். மற்றவர்கள் பத்தில் ஒன்றை எடுத்துப் பார்ப்பார்களாம். எங்களிடம் ஒவ்வொரு கேசட்டும் ஒரு முறை ஏற வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போது மேசையில் கை வைக்கக் கூடாது. காற்றாடியின் சுவிட்சைத் தட்டக் கூடாது, மின்சாரம் ஒரு கணம் தாழ்ந்தாலும் கெட்டுப்போகும். கீழே டயர் கடைக்காரர் காற்றடிக்கும் இயந்திரத்தை ஓட்டினால் நாங்கள் நிறுத்திக் காத்திருப்போம். ஏறி முடித்து, முதல் பக்கம் திரையில் வந்த பிறகுதான் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பல்லையும் திருகாணிச் சுழற்றியால் உடைப்பேன். பல் உடைந்த கேசட்டில் வேறெதுவும் தவறிப் பதிய முடியாது.

“ஏறிச்சோ பிள்ளை?” என்று தம் மேசையிலிருந்தே கேட்பார் ஐயா. ஏறிவிட்டது என்று நான் தலையசைத்தால் போதாது. வாயால் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காக முதல் மாதம் முழுக்க நான் வியர்த்திருக்கிறேன்.

பிறகு அதற்கும் அவசியமில்லாமல் போனது. சேகர் ஒரு புதிய விளையாட்டு எழுதினான். ஏறி முடித்ததும், விடியாத வானத்தின் கீழே ரப்பர் மரங்கள் தெரியும். ஒரு சேவல் கூவும். சேவல் கூவினால் கேசட் சரி. ஐயா தலை நிமிராமலே “அடுத்தது” என்பார். நாள் முழுக்க எங்கள் மாடியில் விடிந்துகொண்டே இருக்கும்.

அந்த விளையாட்டுக்கு மலாயில் பெயர் வைத்திருந்தோம். மழைக்கு முன் என்று பொருள். ஒரு தொழிலாளி கத்தியோடு நிற்பார். மரத்துக்கு மரம் போய் வெட்ட வேண்டும். வெட்டினால் மரத்தில் கட்டிய மங்கில், சிறு கிண்ணத்தில், பால் வடியும். திரையின் வலப்பக்கத்திலிருந்து மேகம் நகர்ந்து வரும். மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டால் மழை. பால் எல்லாம் தண்ணீரோடு போய்விடும். ஒரு திரைக்கு ஒரு நிறை, அதாவது ஒரு வரிசை மரம். இப்படி எட்டு நிறை முடித்து, கடைசியில் ஸ்டோருக்குப் போனால் அங்கே கிராணி நாற்காலியில் உட்கார்ந்து தராசில் பாலை நிறுப்பார். போதிய எடை இருந்தால் ‘சியாப்’ என்று வரும், முடிந்தது என்று அர்த்தம்.

எங்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வெளிநாட்டு விளையாட்டுகளில் விண்கலமும் பூதமும்தான் வரும். இதில் எங்கள் அம்மா போட்டிருக்கும் மாதிரி நீளக்கைச் சட்டை போட்ட ஓர் ஆள் நடந்துபோனார். கடைகளில் வைத்தோம், தபாலில் அனுப்பினோம், நன்றாகவே விற்றது. இன்னும் கொஞ்சம் விற்றால் இரண்டாவது கணினி வாங்கலாம் என்று ஐயா சொன்னார்.

அப்போதுதான் சேகர் வளர்ந்த தோட்டத்து இளைஞர் மன்றத்தினர் பணம் சேர்த்து ஒரு கணினி வாங்கி, மண்டபத்து டிவியில் மாட்டி, எங்கள் கேசட்டையும் வாங்கி விளையாடுகிறார்கள் என்று செய்தி வந்தது. நாமே நேரில் போய் அவர்கள் விளையாடுவதைப் பார்ப்போம் என்றார் ஐயா. சேகர் முகம் சுருங்கியது. வரவில்லை என்று இரண்டு முறை சொன்னான். உங்கள் ஊர்தானே என்று ஐயா விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐயாவின் காரில் போனோம். மண்டபம் நிறைந்திருந்தது. சேகர் கேசட்டை ஏற்றினான், சேவல் கூவியது, பிள்ளைகள் பதிலுக்குக் கூவினார்கள். பையன்கள் சிலர் விளையாடி மழையில் மாட்டிக்கொண்டார்கள். பிறகு பார்வதி அக்காவை முன்னால் தள்ளிவிட்டார்கள். நாற்பது வயதிருக்கும். அன்று காலையிலும் பால் வெட்டிவிட்டு வந்தவர். அந்த மண்டபத்தில் அவரை வெல்ல ஆளில்லை என்றார்கள். மத்தியானங்களில் வந்து பழகியிருக்கிறார். ஆனால் அதுவரை எட்டாவது நிறையைத் தாண்டியதில்லை.

அன்று தாண்டினார். விசையை அவர் தொடுவதே தெரியாது. மேகம் நெருங்க நெருங்க மண்டபத்தில் இரைச்சல் கூடியது. அவர் மட்டும் அசையவில்லை. எட்டாவது நிறையின் கடைசி மரத்தை வெட்டி, மழைத்துளி விழுவதற்கு முன்னால் ஸ்டோருக்குள் போனார். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். தராசு ஆடியது. கிராணி எழுதினார். திரையில் எழுத்து வந்தது.

கோசோங்.

மலாயில் அதற்கு வெறுமை, பூச்சியம் என்று பொருள். ஒரு சொட்டுப் பால்கூட இல்லையாம்.

கைதட்டல் அப்படியே நின்றது. பார்வதி அக்கா திரையைப் பார்த்தார், பிறகு சேகரைப் பார்த்தார்.

“கோசோங்காம்லா,” என்றார். “இருட்டுல எந்திரிச்சு அத்தன மரத்தையும் வெட்டிக் கொண்டாந்தா, உக்காந்த எடத்துல கோசோங்னு எழுதுறாரு. நல்லாத்தான் எழுதியிருக்க தம்பி. எங்க கிராணி மாதிரியே இருக்காரு.”

பின்வரிசையிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. “கிராணி மவன் எழுதுனா வேற எப்படி இருக்கும்? அப்பன் கைக்கணக்குத்தான் அவனுக்கும்.”

சிரிப்பு எழுந்தது. சேகரின் அப்பா நிறுக்கும்போது எடையைக் குறைத்து எழுதுவார் என்று அந்தத் தோட்டத்தில் ஒரு பேச்சு இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். உண்மையோ பொய்யோ, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், கேட்க முடியாது. எங்கள் தோட்டத்திலும் நிறுவை அப்படித்தான் நடக்கும். கிராணி ஸ்டோர் வாசலில் நாற்காலியில் இருப்பார். தோளில் காண்டாக் கம்பின் இருபுறமும் பால் வாளி தொங்க வந்தவர்கள் அதை இறக்கிவிட்டு வெயிலில் நிற்பார்கள். நிமிர்ந்து முகம் பார்க்கும் கிராணியே அபூர்வம்.

சேகர் கணினியை அணைத்தான். வயரைச் சுருட்டினான். ஐயா தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார், ஏதாவது பிசகினால் அவர் செய்வது அதுதான். பிறகு மன்றத்தாரிடம், பிழை எங்களுடையது, திருத்திக்கொண்டு வருவோம் என்று சொன்னார். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

கார் ஈப்போவை நெருங்கும்போது சேகர் வாய் திறந்தான். “நான் இனிமே எழுதல ஐயா. வேற ஆள் பாத்துக்குங்க.”

வேறு ஆள் கிடையாது என்பது மூவருக்கும் தெரியும். அவன் போனால் அந்த மாடியில் பதிவதற்கு எதுவும் இருக்காது. நான் பின்னால் உட்கார்ந்து, இனி எந்தக் கடையில் யாரிடம் பேசப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐயா வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார். “எழுதாட்டிப் பரவாயில்லை. ஏன் கோசோங் வந்ததெண்டு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லிப்போட்டுப் போங்கோ.”

மறுநாள் காலை சேகர் வந்தான். விளையாடி விளையாடிப் பார்த்தான். மழையில் மாட்டினான், அல்லது ஸ்டோரை அடைந்து நல்ல எடை வாங்கினான். கோசோங் மட்டும் வரவில்லை. கேசட் கெட்டிருக்குமோ, மண்டபத்துக் கணினி கெட்டிருக்குமோ என்றான். நான் பக்கத்து மேசையில் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் விளையாடும்போது மேகம் நெருங்கினால் இரண்டு மூன்று மரங்களை விட்டுவிட்டு அடுத்த நிறைக்கு ஓடுவான். டவுனில் எல்லாரும் அப்படித்தான் விளையாடினார்கள். வெல்வதற்கு அது போதும்.

“அந்த அக்கா ஒரு மரத்தையும் விடல,” என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். அன்று முழுக்க நான் பேசிய முதல் வார்த்தை அது. பால் வெட்டும் வீட்டில் பிறந்த யாருக்கும் அது பெரிய விஷயமல்ல. மரத்தை விட்டால் கங்காணி ஏசுவார். அந்தப் பயம் விளையாட்டிலும் போகாது. நானும் விடமாட்டேன், அதனால் நான் மூன்றாவது நிறையைத் தாண்டியதே கிடையாது.

சேகர் நிரலுக்குள் போய் மேகத்தை அசையாமல் நிறுத்தினான். “இப்ப மழ வராது. நீ ஒன்னு விடாம வெட்டு,” என்று என்னை உட்காரவைத்தான். நிதானமாக எட்டு நிறையும் வெட்டினேன். ஸ்டோருக்குள் போனேன். கோசோங்.

சேகர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். ஐயா எழுந்து வந்தார். அவன் விளக்கியது எனக்கே புரிந்தது, அதனால் இங்கே எழுத முடிகிறது. அந்தக் கணினி ஓர் எண்ணை ஒரு சிறு பெட்டியில் வைத்துக்கொள்ளும். அந்தப் பெட்டிக்கு இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான் கொள்ளும். அதற்கு மேல் ஒன்று கூட்டினால், லாரி மீட்டர் எல்லாம் ஒன்பதாகி மறுபடி பூச்சியத்துக்கு உருள்வது போல, பூச்சியமாகிவிடும். சேகர் ஒரு நிறைக்கு முப்பத்திரண்டு மரம் வைத்திருந்தான். கணினிக்காரர்களுக்கு அது வசதியான எண். மரத்துக்கு ஒன்று என்று எடை கூடும், எட்டு நிறைக்கு இருநூற்று ஐம்பத்தாறு. ஆகவே ஒரே ஒரு மரத்தை விட்டாலும் கணக்கு சரியாக வரும். ஒன்றையும் விடாதவருக்கு மட்டும் பூச்சியம்.

“எல்லா மரத்தையும் ஒருத்தர் வெட்டுவாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல,” என்றான் சேகர். சிரிப்பு போய்விட்டது. “அந்தத் தோட்டத்துல வளந்துட்டு நெனைக்கல.”

திருத்துவது பெரிய வேலை இல்லை. ஒரு பெட்டிக்குப் பதில் இரண்டு பெட்டி. ஆனால் சேகர் அதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். புதிய மூலக் கேசட்டை என் மேசையில் வைத்தபோது, ஏற்றிப் பார்த்தேன். மரங்கள் தெரிந்தன, வானம் தெரிந்தது, சேவல் கூவவில்லை. பதிவில் கோளாறு என்று மறுபடி ஏற்றினேன். அப்போதும் இல்லை.

“சேவல எடுத்துட்டேன், எடம் பத்தல,” என்றான்.  அந்தக் கணினியின் கொள்ளளவு இன்று ஒரு வாட்ஸ்ஆப் படத்துக்கும் காணாது. ஒன்றை வைக்க ஒன்றை எடுப்பது எங்களுக்கு வழக்கம்தான். ஆனால் எதை வைத்தான் என்று சொல்லவில்லை. மாடி அமைதியாகிவிட்டது. இரண்டாம் நாள் டயர் கடைக்காரர் படியேறி வந்து, உங்கள் சேவலைக் குழம்பு வைத்துவிட்டீர்களா என்று மலாயில் விசாரித்தார்.

பிறகுதான் ஐயா தம் முடிவைச் சொன்னார். விற்ற கேசட் ஒவ்வொன்றையும் திருத்த வேண்டும். வாங்கியவர்களின் விலாசம் பெரும்பாலும் எங்களிடம் இருந்தது. தபாலில் புதிய கேசட் அனுப்பிவிடலாமே என்றான் சேகர்.

“தபாலிலை போனா ஏறிச்சோ இல்லையோ ஆருக்குத் தெரியும்? போய், அவையின்ரை மிஷினிலை ஏறுறதைப் பாத்திட்டு வரவேணும்,” என்றார் ஐயா. பிறகு என் பக்கம் திரும்பினார். “நீர்தான் பிள்ளை போகவேணும். சேகருக்கு அடுத்த கேம் இருக்கு.”

அடுத்த கேம் என்று அவர் சொன்னதும் சேகர் மறுக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். அதனால் என் பயத்தை வெளியே சொல்லாமல் விழுங்கிக்கொண்டேன்.

இப்படித்தான் நான் பஸ்ஸில் போய் அப்டேட் போட்டேன். தோள்பையில் ஒரு சின்ன ரெக்கார்டர், மூலக் கேசட், வயர், செல்லோடேப். வீட்டு வாசலில் நின்று ஐயா சொல்லித்தந்ததைச் சொல்ல வேண்டும்: பிழை எங்களுடையது, திருத்தித் தர வந்திருக்கிறேன். பஸ்ஸில் அதை முணுமுணுத்துக்கொண்டே போவேன். உள்ளே விட்டதும், என் ரெக்கார்டரிலிருந்து திருத்திய விளையாட்டை அவர்கள் கணினியில் ஏற்றுவேன். அவர்களுடைய கேசட்டில் நான் உடைத்த பல் இருந்த ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம். அவர்களுடைய ரெக்கார்டரிலேயே அதைப் பதிவேன். ரெக்கார்டருக்கு ரெக்கார்டர் சத்தம் மாறும், தன் வீட்டில் பதிந்தது தன் வீட்டில் நன்றாக ஏறும். பிறகு கணினியை அணைத்து, மறுபடி அந்தக் கேசட்டிலிருந்து ஏற்றி, மரங்கள் திரையில் வந்த பிறகு செல்லோடேப்பைப் பிய்த்துவிட்டுக் கிளம்புவேன். இதற்குள் தே ஓவும் பிஸ்கட்டும் வந்துவிடும். வீட்டுக்காரர்கள் பேசச் சொல்வார்கள். ஏறும்போது பேசக் கூடாது என்று ஒரு விதியை நானே உண்டாக்கிச் சொல்லித் தப்பித்தேன்.

தஞ்சோங் மாலிமில் ஒரு வீட்டில், விளையாட்டு இருந்த கேசட்டில் அந்த வீட்டு அம்மா செல்லோடேப் வித்தையை என்னைவிட முன்பே கண்டுபிடித்து பக்திப் பாட்டுகளைப் பதிந்துவைத்திருந்தார். பாட்டை அழிக்க அவருக்கு மனமில்லை. கேசட்டின் மறுபக்கத்தில் விளையாட்டைப் பதிந்து கொடுத்தேன்.

என்னைத் திணறவைத்தவர் பத்து காஜா என்ற ஊரில் இருந்த ஓர் அண்ணன். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னதும், கேசட்டைத் தர மாட்டேன் என்றார்.

“நான் ஜெயிச்சிட்டேன்மா. பொண்டாட்டி புள்ளைங்க சாட்சி. இப்ப வந்து அது தப்பான கேம்னு சொன்னா எப்படிலா?”

அது தப்பல்ல, எல்லா மரத்தையும் வெட்டினால்தான் தப்பு என்று மென்று விழுங்கிச் சொன்னேன்.

“எல்லா மரத்தையும் எவன் வெட்டுவான்? வேணுங்கறத வெட்டிட்டு வீட்டுக்குப் போற கேம்தான் எனக்கு வேணும். ஆஸ்பத்திரியில இருக்கிற வேல பத்தாதா?”

 எழுந்து போகத் தெரியவில்லை. தே ஓவைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். “சரி, இப்ப எல்லா மரத்தையும் வெட்டிட்டுப் போனா என்ன ஆகும்?”

“தெரியாதுண்ணே. நான் அது வரைக்கும் போனதில்ல.”

உண்மையைத்தான் சொன்னேன். நான் மரங்கள் வரும்வரைதான் பார்ப்பேன். மேகத்தை நிறுத்திவைத்த பழைய நிரலும் இப்போது இல்லை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். கேம் செய்கிற கம்பெனிக்கே முடிவு தெரியாதா, கொண்டா, நான் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்று கேசட்டை நீட்டினார்.

மற்ற இடமெல்லாம் முடிந்து, செமோருக்கு அப்பாலுள்ள அந்த மண்டபம் மட்டும் மிஞ்சியது. நான் தனியாகப் போவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்துக்குப் போனால், சேகர் அங்கே நின்றிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. “நானும் வரேன்,” என்றான். 

மண்டபத்தில் பாதிக் கூட்டம்தான் இருந்தது. சேகரைக் கண்டதும் யாரோ “கோசோங் வந்துட்டாரு” என்றார்கள். அவன் வயரை மாட்டினான், நான் பதிந்தேன், ஏற்றினேன். பையன்கள் விளையாடினார்கள். மேகம் வந்ததும் மரங்களை விட்டுவிட்டு ஓடி, ஸ்டோரை அடைந்தார்கள். கிராணி உட்கார்ந்தபடி நிறுத்து எழுதினார். சியாப். “அப்பவும் இதானே வந்துச்சு, என்னத்தத் திருத்துனாங்க,” என்றான் ஒருவன். பார்வதி அக்கா வரவில்லை. ஆள் அனுப்பியதற்கு, வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம்.

சேகர் கிளம்பலாம் என்பது போல என்னைப் பார்த்தான். அவன் அந்த மண்டபத்திலிருந்து இப்படியே வெளியே போனால் மறுபடி எழுத மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. நான் தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துக்கு வழி கேட்டுக்கொண்டு நடந்தேன்.

பார்வதி அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஐயாவின் வாக்கியத்தைச் சொன்னேன். அவர் திரும்பாமலே, “ஒங்க கிராணிய திருத்தியாச்சா? நல்லது. போயிட்டு வா,” என்றார்.

எனக்கு வேறு வாக்கியம் யாரும் சொல்லித்தரவில்லை. கொடியருகே நின்றேன். பிறகு, “எங்களால கடைசி வரைக்கும் போவ முடியலக்கா. எங்க வீட்டுலயும் பால் வெட்டுதான், மரத்த விட எனக்கு வராது. மூணாவது நிறையிலயே மழ வந்துடுது. ஒன்னும் விடாம வெட்டுனா அங்க என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. நீங்க வெட்டுனாத்தான் தெரியும்,” என்றேன்.

என் வாழ்க்கையில் அதுவரை தெரியாத ஒருவரிடம் நான் அவ்வளவு பேசியதில்லை. அவர் கடைசித் துணியைப் போட்டுவிட்டு, ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

முதல் முறை ஏழாவது நிறையில் மழை பிடித்துக்கொண்டது. “ரெண்டு மரத்த விட்டுட்டு வாங்கக்கா” என்று மண்டபமே கத்தியது. அவர் காதில் வாங்கவில்லை. மறுபடி தொடங்கினார். இப்போது வெளியே இருந்தவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். எட்டாவது நிறையில் மேகம் ஒரு மரம் அளவுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. கடைசி மரம். ஸ்டோர். சேகர் சுவரோரம் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தராசு ஆடியது. கிராணி குனிந்து எழுதினார். எண் வந்தது: இருநூற்று ஐம்பத்தாறு. யாரோ கைதட்டத் தொடங்கி, நிறுத்திவிட்டார்கள். திரையில் இன்னும் ஏதோ நடந்துகொண்டிருந்தது.

கிராணி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

அவ்வளவுதான். சின்னச் சின்னக் கட்டங்களால் ஆன ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார், இப்போது எழுந்து நிற்கிறார். கத்தியோடு நின்ற தொழிலாளியும் அவரும் ஒரே உயரம். அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் எத்தனையோ வருடம் நிறுவைக்கு நின்றவர்கள். ஒரு கிராணி தங்களுக்காக எழுந்து யாரும் பார்த்ததில்லை.  விசையைத் தொட்டால் படம் மறைந்துவிடும் என்று பார்வதி அக்காவுக்குத் தெரியும். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு சேகரைத் திரும்பிப் பார்த்தார்.

“போதும் தம்பி, உக்காரச் சொல்லு அவர. கால் வலிக்கப் போவுது.”

மண்டபம் சிரித்தது. சேகரும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பின்வரிசை ஆள் ஒருவர் அவனுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். முன்பு பேசிய குரல் அவருடையதா என்று எனக்குத் தெரியாது. அவன் உட்காரவில்லை. அடுத்த கேமில் என்ன வரும் என்று பையன்கள் கேட்டதற்கு, நின்றபடியே நெடுநேரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

திரும்பும் பஸ்ஸில், “இதுக்குத்தான் சேவல எடுத்தீங்களா?” என்று கேட்டேன்.

“ஆமா. அவரு எந்திரிக்க அவ்வளவு எடம் தேவப்பட்டுச்சு,” என்றான்.

இரண்டாவது கணினியை வாங்கினோம். சேகர் இன்னும் பல விளையாட்டுகள் எழுதினான். சில ஆண்டுகளில் வெளிநாட்டு விளையாட்டுகள் மலிவாக வந்து குவிந்து, நாங்கள் மாடியைக் காலி செய்தோம். ஐயா இப்போது இல்லை. சேகர் ஜோகூரில் இருக்கிறான், இன்னும் நிரல் எழுதுகிறான். நான் எங்கெங்கோ வேலை பார்த்து, கடைசியில் மறுபடி விளையாட்டுக்கே வந்து ஓய்வு பெற்றேன். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி.

போன வாரம் ஷாமினி கைப்பேசியோடு வீட்டுக்கு வந்தாள். யாரோ பழைய கேசட் ஒன்றிலிருந்து எங்கள் விளையாட்டை எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்களாம். எந்த வீட்டுக் கேசட்டோ. பத்து காஜா அண்ணனுடையதாகவும் இருக்கலாம். அவள் தட்டினாள். விடியாத வானமும் மரங்களும் வந்தன. நான் குனிந்து காது கொடுத்தேன். சத்தமே இல்லை.

“ஃபைல் கெட்டுருக்குமோக்கா? ஆரம்பத்துல ஏதோ சவுண்ட் வரும்னு போட்டிருந்தாங்க.”

“கெடல,” என்றேன். “இது நாங்க பஸ்ல போய்த் திருத்துனது.”

அவள் விளையாட ஆரம்பித்தாள். முதல் நிறையிலேயே மேகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு மரங்களைத் தாண்டி ஓடினாள்.  மூன்றாவது நிறையில் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அக்கா, ஒரு மரத்தையும் விடாம வெட்டுனா என்ன ஆகும்?”

“வெட்டிப் பாரேன்,” என்றேன்.

அவள் முதலிலிருந்து தொடங்கினாள்.